பெங்களூரின் பெயரைத் தாங்கிய திராட்சச்செடி



சிவாஜிநகரிலோ கே.ஆர். மார்க்கெட்டிலோ பழவண்டிகளின் அருகே நின்றால், இரண்டு விதமான திராட்சைகளைக் காண்பீர்கள். ஒன்று பச்சை நிறமானது, நீண்டது, கொட்டையற்றது, பெட்டிக்குள் காகிதம் விரித்து அழகாக அடுக்கப்பட்டது. மற்றொன்று கருநீல நிறமானது, சிறியது, கொட்டையுள்ளது, கூடையில் குவியலாகக் கிடப்பது. நம்மில் அநேகர் முதலாவதை வாங்கிக்கொண்டு இரண்டாவதைக் கடந்து போகிறோம். "அது புளிக்கும், கொட்டை வேறு இருக்கும்" என்று பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறோம்.

நாம் கடந்து போகிற அந்தக் கருநீலப் பழத்துக்குத்தான் நாம் வாழ்கிற இந்தப் பட்டணத்தின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. அதன் பெயர் பெங்களூர் புளூ. ஏறக்குறைய 150 ஆண்டுகளாக இந்தப் பட்டணத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் விளைந்துவரும் பழமையான ரகம் இது. 2013-ஆம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டது. பிழைப்பைத் தேடி இவ்வூருக்கு வந்த நாம் ஒவ்வொருவரும் அறிந்திருக்கவேண்டிய சரித்திரம் இந்தச் செடிக்கு உண்டு. ஏனென்றால் இதுவும் நம்மைப்போல வேறொரு தேசத்திலிருந்து வந்ததுதான்.

பழத்தின் சுபாவம்

ஒரு மரத்தை அதன் கனியினால் அறியவேண்டும் என்பது நாம் அறிந்த சத்தியம். ஆகவே முதலாவது கனியைப் பார்ப்போம்.

பெங்களூர் புளூவின் பழங்கள் சிறியவை. சற்றே முட்டை வடிவமானவை. நன்றாகப் பழுத்தபின் கருமை கலந்த ஊதா நிறம் அடைபவை. தோலின்மேல் சாம்பல் பூத்தாற்போல் மெல்லிய படலம் ஒன்று காணப்படும். அது மருந்துத் தூள் என்று சிலர் அஞ்சுகிறார்கள். உண்மையில் அது பழமே தன்னைக் காத்துக்கொள்ள உண்டாக்கும் மெழுகு ஆகும். ஆனாலும் எந்தப் பழத்தையும் நன்றாகக் கழுவியே உண்ணவேண்டும்.

ஒரு பழத்தை விரல்களுக்கு இடையில் வைத்து மெதுவாக அழுத்திப் பாருங்கள். தோல் தனியாகவும், உள்ளே இருக்கும் வழவழப்பான சதை தனியாகவும் பிரிந்துவிடும். பச்சைத் திராட்சையில் இப்படி நடவாது. அதன் தோல் சதையோடு ஒட்டியே இருக்கும். தோல் கழன்று வருவது அமெரிக்க வம்சத்துத் திராட்சைகளின் அடையாளம். இரண்டாவது அடையாளம் அதன் வாசனை. ஒரு குலையை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தால் அறை முழுவதும் மணக்கும்.

இதன் சாற்றில் சர்க்கரையின் அளவு 16 முதல் 18 பிரிக்ஸ் வரை இருக்கும். அதாவது 100 கிராம் சாற்றில் ஏறக்குறைய அத்தனை கிராம் இனிப்பு உண்டு. அதனோடு புளிப்பும் சேர்ந்திருப்பதால்தான் நாவுக்கு அது புளிப்புப் பழமாகத் தோன்றுகிறது. இந்தப் புளிப்பும், ஊதா நிறமும், மணமும் சேர்ந்தே இதைச் சாறு பிழிவதற்கும், ஜாம், ஜெல்லி செய்வதற்கும் ஏற்றதாக்குகின்றன.

இதற்குக் குறைகளும் உண்டு. ஒரே குலையில் சில பழங்கள் கறுத்திருக்கையில் சில பழங்கள் பச்சையாகவே நிற்கும். நோய்களில் கரும்புள்ளி நோயை இது எதிர்த்து நிற்கிறது. ஆனால் அடிச்சாம்பல் நோய்க்கு எளிதில் இடங்கொடுத்துவிடுகிறது. ஆகவே வாங்கும்போது குலை முழுவதும் ஒரே சீராகக் கறுத்திருக்கிறதா, காம்பு பச்சையாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பிறந்த இடமும் தள்ளப்பட்ட இடமும்

பழவியல் நூல்கள் பெங்களூர் புளூவை இசபெல்லா என்னும் ரகமாகவே குறிப்பிடுகின்றன. இந்த இசபெல்லாவின் பிறப்பிடம் வட அமெரிக்கா. அங்கே காடுகளில் தானாக வளரும் திராட்சை ஒன்று உண்டு. அதை நரித் திராட்சை என்று அழைப்பார்கள். ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த திராட்சையும், அந்தக் காட்டுத் திராட்சையும் தற்செயலாகக் கலந்து பிறந்ததே இசபெல்லா. அமெரிக்காவின் தென்பகுதியான கரோலினாவிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் இந்தச் செடியை, நியூயார்க்கை அடுத்த ஃபிளஷிங் என்னும் இடத்தில் நாற்றுப்பண்ணை நடத்திய வில்லியம் பிரின்ஸ் என்பவர் 1816-ஆம் ஆண்டுவாக்கில் பெற்றார். அது இசபெல்லா கிப்ஸ் என்ற அம்மையாரின் தோட்டத்தில் இருந்தது. ஆகவே அவருடைய பெயரையே அதற்குச் சூட்டினார்.

பின்பு அது கடல் கடந்து ஐரோப்பாவுக்குச் சென்றது. 1860-களில் அமெரிக்கச் செடிகளோடு ஒட்டிவந்த ஃபைலோக்சரா என்ற சிறு பூச்சி, ஐரோப்பாவின் திராட்சத்தோட்டங்களை வேரோடு அழித்தது. அமெரிக்க வம்சம் கலந்த செடிகள் அந்தப் பூச்சியை ஓரளவு தாங்கி நின்றன. ஆகவே சிலகாலம் ஜனங்கள் அவற்றை ஆவலோடு நட்டார்கள். ஆனால் ஆபத்து நீங்கினபின்பு, அவற்றின் மணமும் ருசியும் உயர்ந்தவையல்ல என்று தள்ளினார்கள். 1934-ஆம் ஆண்டின் இறுதியில் பிரான்ஸ் தேசம் சட்டம் இயற்றி, இசபெல்லா உள்ளிட்ட ஆறு ரகங்களைத் தடை செய்தது. அளவுக்கு மிஞ்சிய மது உற்பத்தியைக் குறைப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்றாயிருந்தது.

ஒரு தேசத்தில் தள்ளப்பட்டது வேறு தேசங்களில் நேசிக்கப்பட்டது. இத்தாலியில் அதை ஸ்ட்ராபெரித் திராட்சை என்று செல்லமாக அழைக்கிறார்கள். பிரேசில் தேசத்தில் திராட்சரசத்துக்கென்று மிகுதியாகப் பயிரிடப்படும் ரகங்களில் அதுவும் ஒன்று. நம்முடைய பெங்களூரிலோ, அது தன் பழைய பெயரையே மறந்து, தன்னை ஏற்றுக்கொண்ட ஊரின் பெயரைத் தரித்துக்கொண்டது.

இந்த மண்ணில் கண்ட ஆசீர்வாதம்

ஏன் பெங்களூர்? கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்தப் பீடபூமியில் கடுங்குளிரும் இல்லை, கடுங்கோடையும் இல்லை. மண்ணோ நீர் தேங்காத செம்மண். குளிர்தேசங்களில் திராட்சச்செடி பனிக்காலத்தில் இலை உதிர்த்து உறங்கிவிடும். ஆண்டுக்கு ஒருமுறைதான் கனி கொடுக்கும். நம்முடைய நாட்டில் நாசிக் பகுதியில் விளையும் பச்சைத் திராட்சைக்கும் ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்தாலும் ஒருமுறைதான் அறுவடை. ஆனால் பெங்களூர் புளூ இங்கே உறங்குவதேயில்லை. இருமுறை கவாத்து செய்தால் இருமுறையும் கனி கொடுக்கிறது.

கவாத்து செய்வது என்றால் என்ன என்பதைத் தோட்டத்தில் பார்த்தவர்கள் அறிவார்கள். செழித்துப் படர்ந்த கொடிகளைத் தோட்டக்காரர் கத்தரியால் வெட்டித் தள்ளுகிறார். பார்க்கிறவர்களுக்கு அது அழிவாகத் தோன்றும். ஆனால் வெட்டப்பட்ட கிளையிலிருந்துதான் புதுத்தளிர் புறப்படும். அந்தத் தளிரில்தான் பூங்கொத்து உண்டாகும். வெட்டாமல் விட்ட கொடி இலை நிறைந்து காணப்படும், கனியோ குறைந்துபோகும். யோவான் சுவிசேஷம் பதினைந்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் பேசியதன் பொருள், தேவனஹள்ளித் தோட்டக்காரருக்கு வியாக்கியானம் இல்லாமலே விளங்கும்.

பெங்களூர் நகர்ப்புறம், பெங்களூர் ஊரகம், சிக்கபள்ளாபுரம், கோலார் ஆகிய மாவட்டங்களே இதன் இருப்பிடம். அங்கே கருங்கல் தூண்களை நட்டு, மேலே கம்பிகளை வலையாக இழுத்து, அந்தப் பந்தலின்மேல் கொடியைப் படரவிடுகிறார்கள். தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு வந்து குடியேறின குடும்பங்கள் நம்முடைய சபைகளில் அநேகம் உண்டு. அவர்களுக்கு இந்தக் கல்தூண் பந்தல்கள் புதியவையல்ல.

நீங்கள் தினந்தோறும் கடந்துபோகும் ஹாப்காம்ஸ் கடைகளுக்கும் இந்தத் திராட்சைக்கும் ஒரு தொடர்பு உண்டு. இன்று அங்கே எல்லாக் காய்களும் கனிகளும் கிடைக்கின்றன. ஆனால் 1959-ஆம் ஆண்டில் தோட்டக்கலைத் துறையின் டாக்டர் எம்.எச். மரிகௌடாவின் முயற்சியால் அது தொடங்கப்பட்டபோது, அது பெங்களூர் திராட்சை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கமாகவே இருந்தது. இடைத்தரகர்களிடம் நஷ்டப்பட்ட திராட்சை விவசாயிகளுக்காக எழும்பின சங்கமே பின்னாளில் பட்டணம் முழுவதற்கும் கனிகளையும் காய்களையும் கொடுக்கிறதாயிற்று.

ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகளும் இந்தச் செடியைத் தாயாகக் கொண்டு புதிய ரகங்களை உருவாக்கினார்கள். அர்கா ஷ்யாம், அர்கா ஹன்ஸ், அர்கா திருஷ்ணா ஆகிய மூன்றும் பெங்களூர் புளூவின் பிள்ளைகளே.

நம் தமிழ்நாட்டுக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையை அறிந்தவர்கள் இதையும் அதையும் ஒன்றென்று எண்ணிவிடுகிறார்கள். இரண்டும் கறுப்புதான், இரண்டுக்கும் கொட்டை உண்டு. ஆனால் பன்னீர்த் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் என்னும் ஐரோப்பிய வம்சத்து ரகம். அதன் மணமும் வேறு. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது.

பந்தியின் பாத்திரத்தில்

தேவனுடைய பிள்ளைகளே, இப்பொழுது நமக்கு மிக அருகில் இருக்கும் காரியத்துக்கு வருவோம்.

புளிக்காத திராட்சரசத்தைக் கர்த்தருடைய பந்தியில் பயன்படுத்தும் வழக்கம் நமக்குப் பழகிப்போனது. ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் அது எளிதாயிருக்கவில்லை. பிழிந்த சாறு, பழத்தோலில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களினால் ஓரிரு நாட்களுக்குள் தானாகவே புளிக்கத் தொடங்கிவிடும். அறுவடைக் காலம் தவிர்த்து மற்ற மாதங்களில் புளிக்காத ரசத்துக்கு வழியே இல்லை. 1869-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் வைன்லேண்ட் என்னும் ஊரில், தாமஸ் பிராம்வெல் வெல்ச் என்ற பல் மருத்துவர் இதற்கு வழி கண்டார். அவர் மெதடிஸ்ட் சபையில் திருவிருந்துப் பொருட்களை ஆயத்தம்பண்ணும் பொறுப்பில் இருந்தவர். லூயி பாஸ்டரின் ஆராய்ச்சியைப் பின்பற்றி, சாற்றைப் புட்டிகளில் அடைத்து, கொதிநீரில் வைத்துச் சூடாக்கினார். சாறு புளிக்கவில்லை. அதையே தம் சபையின் பந்திக்குக் கொடுத்தார்.

அவர் பயன்படுத்திய பழம் கான்கார்ட் என்னும் திராட்சை. அதுவும் அதே நரித் திராட்சை வம்சம். நம்முடைய பெங்களூர் புளூவுக்கு நெருங்கிய உறவினர். அதே ஊதா நிறம், அதே கழன்றுவரும் தோல், அதே மணம்.

அந்த மணத்துக்குக் காரணமான பொருளுக்கு மெத்தில் ஆந்த்ரனிலேட் என்று பெயர். இன்று கடைகளில் விற்கும் திராட்சை மிட்டாய்க்கும், திராட்சை மணமுள்ள பொடிக்கும், சாயம் கலந்த பானத்துக்கும் இதே பொருளைத் தொழிற்சாலையில் செய்து சேர்க்கிறார்கள். நம்முடைய சபைகள் பலவற்றில் வசதிக்காக இப்படிப்பட்ட பானத்தை வாங்கி, தண்ணீர் கலந்து, பந்தியில் வைக்கிறோம். யாரையும் குற்றப்படுத்துவதற்காக இதை எழுதவில்லை. சிந்தித்துப் பாருங்கள்: அந்தப் புட்டியில் இருப்பது ஒரு பழத்தின் சாயல். அந்த மணமுள்ள உண்மையான பழமோ, நம்முடைய சபைக் கட்டடத்திலிருந்து ஒருமணி நேரப் பயண தூரத்தில் கொடியில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இதே பழத்தில் பெரும்பகுதி மது ஆலைகளுக்குச் செல்கிறது என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. மலிவான இனிப்பு வகை மதுவுக்கு இது மூலப்பொருள். இந்தப் பட்டணத்தின் பல வீடுகளில் கிறிஸ்துமஸுக்கென்று மாதக்கணக்கில் புளிக்கவைப்பதும் இதையே. பழத்தின்மேல் குற்றமில்லை, ஒரே குலை இரண்டு வழிகளில் போகக்கூடும். வாங்குகிறவர்களில் மது ஆலை மாத்திரம் இருந்தால், ஆலை மூடப்படும் நாளில் விவசாயிக்கு வேறு வழி இராது. 2020-ஆம் ஆண்டின் ஊரடங்கு நாட்களில் சிக்கபள்ளாபுரம் பகுதியில் அதுவே நடந்தது. சந்தையும் ஆலையும் அடைபட்டபோது, பழுத்த குலைகள் வாங்குவாரின்றி வீணாய்ப்போயின.

வீட்டில் ரசம் எடுக்கும் விதம்

சகோதரிகளே, இது கடினமான வேலையல்ல. முந்தின நாள் மாலையில் தொடங்கினால் போதும்.

நன்றாகக் கறுத்த பழங்களைக் காம்பிலிருந்து உதிர்த்து, பச்சையானவற்றையும் அழுகியவற்றையும் நீக்கி, இரண்டு மூன்று தண்ணீரில் கழுவுங்கள். எவர்சில்வர் பாத்திரத்தில் இட்டு, கையாலோ மத்தாலோ மெதுவாக நசுக்குங்கள். அலுமினியம், பித்தளைப் பாத்திரங்கள் வேண்டாம். புளிப்பு அவற்றை அரிக்கும். மிக்சியில் அரைக்கவும் வேண்டாம். கொட்டை உடைந்தால் ரசம் கசக்கும்.

தண்ணீர் சேர்க்காமல் சிறு தீயில் வையுங்கள். ஆவி பறக்கவேண்டும், ஆனால் தளதளவென்று கொதிக்கக்கூடாது. பத்துப் பதினைந்து நிமிடங்களில் தோலிலிருந்து ஊதா நிறம் இறங்கி, சாறு முழுவதும் ஆழ்ந்த நிறமாகும். பின்பு சுத்தமான பருத்தித் துணியில் வடிகட்டுங்கள். துணியை முறுக்கிப் பிழிந்தால் ரசம் கலங்கும், தானாக வடியவிடுங்கள். ஒரு கிலோ பழத்துக்கு அரை லிட்டருக்குச் சற்று மேலாகக் கிடைக்கும்.

அதைக் குளிர்ப்பெட்டியில் இரவு முழுவதும் வைத்தால், அடியில் சிறு படிகங்கள் படியும். அது அழுக்கல்ல, திராட்சையில் இயற்கையாகவே உள்ள புளிப்பு உப்பு. மேலே தெளிந்ததை மாத்திரம் ஊற்றி எடுங்கள். மறுநாளே பயன்படுத்துவதானால் இதுவே போதும். சில நாட்கள் வைத்திருக்க வேண்டுமானால், கொதிநீரில் சுத்தம்பண்ணின கண்ணாடிப் புட்டிகளில் நிரப்பி, வெந்நீர்ப் பாத்திரத்தில் கழுத்தளவு நிற்கவைத்து, கொதிநிலைக்குச் சற்றுக் கீழான சூட்டில் 20 நிமிடங்கள் வைத்து மூடி, ஆறினபின் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். திறந்த புட்டியை மூன்று நான்கு நாட்களுக்குள் முடித்துவிடவேண்டும். நுரையோ குமிழியோ கண்டால், அது புளிக்கத் தொடங்கிவிட்டது என்று அறிந்து ஊற்றிவிடுங்கள்.

பாத்திரங்களைச் சோப்பு நீரில் கழுவும்போது ஊதாக்கறை நீலமாக மாறுவதைக் காண்பீர்கள். அஞ்சவேண்டாம். இந்தப் பழத்தின் நிறம் புளிப்பில் சிவப்பாகவும், காரத்தில் நீலமாகவும் மாறும் இயல்புடையது. சாயப் பானத்துக்கும் மெய்யான பழத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதுவே நல்ல பாடம்.

சர்க்கரை நோயுள்ளவர்கள் இந்த ரசத்தை டம்ளர் டம்ளராகக் குடிக்கலாகாது. சிறு குழந்தைகளுக்கு முழுப்பழத்தைக் கொடுக்காமல், கொட்டையை நீக்கி, நறுக்கிக் கொடுங்கள்.

நாபோத்தின் வார்த்தை

இராஜாக்களின் முதலாம் புத்தகத்தில் நாபோத்தின் சரித்திரத்தை வாசிக்கிறோம். ராஜாவின் அரமனைக்குப் பக்கத்தில் இருந்தது என்பதே அவனுடைய திராட்சத்தோட்டத்துக்கு வந்த ஆபத்து. தகுந்த விலை கொடுப்பதாக ராஜா சொன்னான். ஆனாலும் பிதாக்களின் சுதந்தரத்தை விற்க நாபோத்துக்கு மனமில்லை.

பெங்களூர் புளூ விளைகிற கிராமங்களும் இன்று ஒரு பெரிய அரமனைக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. 2008-ஆம் ஆண்டு மே மாதத்தில் தேவனஹள்ளி அருகே சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டபின், வடக்கு நோக்கிய சாலைகளின் இருபுறத்திலும் நிலத்தின் விலை வானளவு உயர்ந்தது. திராட்சைப் பந்தல்கள் இருந்த இடங்களில் மனைப்பிரிவுகள் எழும்பின. அதே தேவனஹள்ளித் தாலுகாவின் சென்னராயபட்டண ஹோப்ளியில், 13 கிராமங்களைச் சேர்ந்த 1,777 ஏக்கர் நிலத்தை விண்வெளித் தொழிற்பூங்காவுக்காகக் கையகப்படுத்த அரசு முயன்றபோது, விவசாயிகள் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகப் போராடினார்கள். கேழ்வரகும், காய்கறியும், பூவும், திராட்சையும் விளைகிற நிலங்கள் அவை. 2025-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் தேதி, அந்தத் திட்டத்தைக் கைவிடுவதாக முதலமைச்சர் சித்தராமையா அறிவித்தார்.

தண்ணீரும் ஒரு பாரம். சிக்கபள்ளாபுரம், கோலார் மாவட்டங்களில் நிலைத்து ஓடும் ஆறு இல்லை. 1,000 அடிக்கும் கீழே ஆழ்துளைக் கிணறு தோண்டியும் தண்ணீர் காணாதவர்கள் உண்டு. மேலும், நல்ல விலை கிடைக்கும் தில்குஷ், ரெட் குளோப் போன்ற உண்ணும் ரகங்களுக்குப் பல விவசாயிகள் மாறிவிட்டார்கள். புவிசார் குறியீடு பெயரைக் காக்கும், கொடியைக் காக்காது. வாங்குகிறவர்கள் இருந்தால்தான் கொடி நிற்கும்.

இந்தப் பட்டணம் விரிவடைய நாமும் ஒரு காரணம் என்பதை மறவாதிருப்போம். நாம் வாடகைக்கு இருக்கும் வீடும், நாம் வேலை செய்யும் கட்டடமும் ஒருகாலத்தில் யாரோ ஒருவருடைய நிலமாயிருந்தவை. நம்மை ஏற்றுக்கொண்ட ஊருக்கு நாம் செய்யக்கூடிய நன்மைகளில் ஒன்று, அந்த ஊர் மண்ணின் கனியை மதிப்பதாகும்.

ஆகவே பிரியமானவர்களே, ஆண்டின் முதல் மாதங்களிலும், பின்பு ஜூனுக்கு மேலும் கருநீலக் குலைகள் வண்டிகளில் வரும்போது கடந்து போகாதிருங்கள். ஹாப்காம்ஸ் ஆண்டுதோறும் நடத்தும் திராட்சை, தர்ப்பூசணி மேளாவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். சபையின் மூப்பர்கள் அறுவடைக் காலத்தில் ஒரு தோட்டக்காரரோடு நேரடியாகப் பேசி, பந்திக்கு வேண்டிய பழத்தை அவரிடமே வாங்கலாம். ஒரு சபைக்குத் தேவைப்படுவது சில கிலோ மாத்திரமே. ஆனால் இந்தப் பட்டணத்தில் எத்தனை சபைகள் உண்டு என்று எண்ணிப் பாருங்கள்.

கரோலினாவில் முளைத்து, பிரான்ஸில் தள்ளப்பட்டு, பெங்களூரில் வேர்கொண்ட செடி இது. எங்கிருந்து வந்தாய் என்று இந்த மண் அதைக் கேட்கவில்லை. கனியைக் கண்டு தன் பெயரையே கொடுத்தது. அப்படிப்பட்ட கனியுள்ள ஜீவியத்தை இந்தப் பட்டணத்தின் நடுவில் நமக்கும் நம்முடைய பிள்ளைகளுக்கும் கர்த்தர்தாமே தந்தருள்வாராக. ஆமென்.